பந்தும் பாலும் நத்தம் பஸ்ஸும்

எழுதி ரொம்ப நாளாச்சு. மில்லுல வருஷக் கடைசி கணக்கு, சொந்தத்துல ரெண்டு காதுகுத்துன்னு காரணம் நிறைய சொல்லலாம். உண்மையான காரணம் வேற. இதை எழுதலாமா வேண்டாமான்னு மனசுக்குள்ள ரெண்டு மாசமா பஞ்சாயத்து. ஏன்னா இந்தக் கதையில நான் நல்லவன் இல்லை. நம்மளைப் பத்தி நல்லதாவே எழுதிக்கிட்டு இருந்தா எப்படின்னு இன்னைக்கு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

எங்க பாப்பாவுக்கு தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்த கதை இது. இன்னும் சரியாச் சொன்னா, நான் சொல்லிக்கொடுத்து கெடுத்து, எங்கம்மா சரி பண்ணின கதை.

பாப்பாவுக்கு அப்போ அஞ்சு வயசு முடிஞ்சு மூணு மாசம். இங்கிலீஷ் மீடியம், யு.கே.ஜி. அங்க தமிழ்னு ஒரு பீரியட் உண்டு, நம்ம வீட்டுக் கல்யாணத்துல தூரத்துச் சொந்தம் வந்து உக்காந்திருக்கிற மாதிரி. சரி, தமிழை நாமளே வீட்டுல சொல்லிக்கொடுத்துடலாம்னு கிளம்பினேன். விஜயதசமி அன்னைக்கு தாம்பாளத்துல பச்சரிசி பரப்பி, பாப்பா விரலைப் பிடிச்சு 'அ' எழுத வெச்சாச்சு. மறுநாளே கடைவீதியில போய் ஒரு அரிச்சுவடி சார்ட் வாங்கிட்டு வந்து ஹால் சுவத்துல ஒட்டியாச்சு. அ - அணில், ஆ - ஆடு, இ - இலை. அதே பழைய படங்கள்தான். உரலைப் பார்த்து "இது என்னப்பா, பூந்தொட்டியா?"ன்னு கேட்டா. ஓடத்தைப் பார்த்ததே இல்லை. திண்டுக்கல்ல ஓடத்துக்கு எங்க போறது, குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிட்டு அலைஞ்ச ஊர் இது :-)

ஒரே மாசம். அம்மணி 'அ'வுல ஆரம்பிச்சு 'ஃ' வரைக்கும், 'க'னாவுல ஆரம்பிச்சு 'ன'னா வரைக்கும் ராகம் போட்டு ஒப்பிக்க ஆரம்பிச்சுட்டா. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கச்சேரி. "அடேயப்பா, என்னமா படிக்குது புள்ள"ன்னு சொந்தக்காரங்க கன்னத்தைக் கிள்ளுவாங்க. தங்கமணிக்குப் பெருமை. எனக்குச் சொல்லவே வேணாம்.

ஒருநாள் சும்மா விளையாட்டா, சார்ட்ல இருக்கிற படத்தை எல்லாம் கையால மூடிட்டு "இது என்ன எழுத்து?"ன்னு ஏ-வைக் காட்டிக் கேட்டேன். முழிச்சா. அடுத்து ஒ. முழிச்சா. அப்புறம் மெதுவா அ-வுல இருந்து விரல் வெச்சு ராகம் பாடிக்கிட்டே வந்து அந்தக் கட்டத்துல நிறுத்தி "ஒ"ன்னா.

அப்பதான் உறைச்சுது. புள்ள படிக்கலை, பாடியிருக்கு.

இதுல தப்பு அவ மேல இல்லைன்னு இப்ப எழுதும்போது தெளிவாத் தெரியுது. அன்னைக்கு எனக்கு வந்தது ஏமாத்தம். பள்ளிக்கூடத்துல வேற "பாப்பா ரீடிங்ல கொஞ்சம் ஸ்லோ"ன்னு டைரியில எழுதி அனுப்பியிருந்தாங்க. அன்னையில இருந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வகுப்பு. நான் வேடசந்தூர் பக்கம் இருக்கிற நூல் மில்லுல இருந்து பஸ் மாறி, பசியோட வீட்டுக்கு வர்ற நேரம். அவளுக்கு தூக்கம் வர்ற நேரம். என்னா ஒரு பொருத்தம் பாருங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை. படம் போட்ட புத்தகம். ஒரு பந்து படம், கீழ 'பந்து'ன்னு எழுதியிருக்கு.

"இது?"
"ப."
"இது?"
"ந்."
"இது?"
"து."
"சேர்த்துப் படி."

படத்தை ஒரு தடவை பார்த்தா. என் முகத்தை ஒரு தடவை பார்த்தா. "பால்"னா.

பள்ளிக்கூடத்துல பந்துக்கு அவ படிச்சது பால்தானே. மூணு எழுத்தையும் சரியாச் சொல்லிட்டு, சேர்க்கச் சொன்னா பாலுங்குறா. மறுபடி. "பால்." மறுபடி. குரல் சின்னதா ஆயிடுச்சு, "பால்."

அடிச்சுட்டேன். முதுகுல. "கண்ணு எங்கடி இருக்கு?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி ஒரு கத்து.

அழுவான்னு நெனச்சேன். அழலை. புத்தகத்தை மூடினா. எந்திரிச்சுப் போய் அலமாரியில, மத்த புத்தகங்களோட விளிம்பு சரியா இருக்கிற மாதிரி நேரா வெச்சா. போய் அவங்க அப்பத்தா பக்கத்துல படுத்துக்கிட்டா. அந்தப் புத்தகத்தை அவ்வளவு ஒழுங்கா அடுக்கி வெச்சதுதான் இன்னைக்கு வரைக்கும் என்னைக் குடையுது. கிழிச்சுப் போட்டிருந்தா கூட பரவாயில்லை.

அதுக்கப்புறம் நான் புத்தகத்தைக் கையில எடுத்தாலே "வயித்த வலிக்குது". முதல்ல நடிப்புன்னு நெனச்சேன். மூணாவது நாள் நிஜமாவே வாந்தி எடுத்தா.

என் சின்ன வயசுல எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த ஒரு வாத்தியார் உண்டு. பேர் வேணாம். ஏழாம் வாய்ப்பாட்டுல இடறினா கைமுட்டியில ஸ்கேல். இன்னைக்கும், வருஷம் முழுக்கக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குற எனக்கு, ஏழெட்டு எவ்வளவுன்னு யாராச்சும் திடீர்னு கேட்டா கை தானா மடங்கும். அந்த ஆளை நான் மன்னிக்கவே இல்லை. அதையேதான் நானும் செஞ்சிருக்கேன்.

*

இந்த இடத்துல எங்கம்மாவைப் பத்திச் சொல்லணும். பாப்பாவுக்கு அப்பத்தா. சொந்த ஊர் நத்தம் ரோட்டுல ஒரு கிராமம். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவங்க. கல்யாணம், நிலம், ரேஷன் எல்லாத்துக்கும் கைநாட்டுதான்.

1990-ல கேரளாவுல எர்ணாகுளம் மாவட்டத்தை நாட்டுலயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம்னு அறிவிச்சாங்க. அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டுலயும் மாவட்டம் மாவட்டமா அறிவொளி இயக்கம் வந்துச்சு. புதுக்கோட்டையில பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது அந்த அலையிலதான். எங்க ஊருக்கும் வந்துச்சு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், சாவடியில அரிக்கேன் விளக்கு. பக்கத்துத் தெரு அக்கா ஒண்ணு, ப்ளஸ் டூ முடிச்சது, சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது, வந்து சொல்லிக்கொடுக்கும். நான் அப்போ சின்னப் பையன். அம்மா மடியில தலை வெச்சுத் தூங்கிட்டே அந்த வகுப்பை எல்லாம் கேட்டிருக்கேன்.

வாந்தி எடுத்த அன்னைக்கு ராத்திரி அம்மா எங்கிட்ட வந்து உக்காந்தாங்க. திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டலை.

"ஏன்டா, எங்களுக்கு சாவடியில மொத நாள் என்ன சொல்லிக்குடுத்தாங்க தெரியுமா?"

"அ, ஆ-தான்."

"அதான் இல்லை. பட்டா. அப்புறம் படி. 'பட்டா உங்க பேர்ல இருக்கா, உங்க வீட்டுக்காரரு பேர்ல இருக்கா?'ன்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. ஒரே சண்டை. அரை மணி நேரம் பேசினோம். அப்புறம்தான் போர்டுல எழுதுச்சு, இதாங்க பட்டான்னு. அந்த எழுத்து மறக்குமா? செத்தாலும் மறக்காது."

இதைச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. போறப்ப "ஒரு மாசம் புஸ்தகத்தைத் தொடாத. புள்ளைய எங்கிட்ட விடு"ன்னு ஒரு உத்தரவு.

இதுக்குப் பின்னாடி இருக்கிறவர் பிரேசில்காரர் பாவ்லோ ஃப்ரெய்ரே. 1963-ல அந்த நாட்டு வடகிழக்குல அங்கிகோஸ்ங்கிற சின்ன ஊர்ல, கூலித் தொழிலாளிகள் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்துல எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அரிச்சுவடியில ஆரம்பிக்கலை. அவங்க வாழ்க்கையில புழங்குற, பேசினா சூடு பறக்குற வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்தார். உதாரணமா செங்கல். முதல்ல செங்கலைப் பத்திப் பேச்சு, அப்புறம் அந்த வார்த்தை, அப்புறம் அதை உடைச்சு அசை அசையா, கடைசியா அந்த அசைகளை மாத்திப் போட்டுப் புது வார்த்தைகள். அடுத்த வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் அவரை உள்ள தள்ளி, அப்புறம் நாட்டை விட்டே போக வெச்சுட்டாங்க. படிக்கச் சொல்லிக்கொடுக்கிறது எவ்வளவு ஆபத்தான வேலை பாருங்க!

அவர் பேரு எங்கம்மாவுக்குத் தெரியாது. ஆனா அவர் வழி சாவடி விளக்கு வெளிச்சத்துல அவங்ககிட்ட வந்து சேர்ந்திருக்கு.

*

அம்மா செஞ்சது ரொம்ப சிம்பிள். பாப்பாவைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல சுத்தினாங்க.

2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது இல்லையா, அதனால செலவும் இல்லை. சாயங்காலம் நாலரைக்கு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரெண்டு பேரும் கிளம்பிடுவாங்க. காமராஜர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெஞ்ச். வேர்க்கடலைப் பொட்டலம். ஒருநாள் தாடிக்கொம்பு பெருமாள் கோயில், ஒருநாள் சின்னாளபட்டி, ஒருநாள் எங்கயும் போகாம பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துட்டு வந்துடுறது.

அங்க ஒரு விளையாட்டு. "நம்ம ஊர் வண்டி வந்தா சொல்லுத்தா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை"ம்பாங்க. (கண்ணு நல்லாத்தான் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடிதான் புரை எடுத்தோம்.) நம்ம ஊர் வண்டின்னா நத்தம் பஸ்.

இப்ப கொஞ்சம் 'நத்தம்'ங்கிற வார்த்தையைப் பாருங்க. ந, த், த, ம். துணைக்கால் இல்லை, கொம்பு இல்லை, சுழி இல்லை. ரெண்டு எழுத்துல ஒரு புள்ளி, அவ்வளவுதான். பாடப்புத்தகம் எழுதுறவங்க உக்காந்து யோசிச்சாலும் இதைவிட நல்ல முதல் வார்த்தை கிடைக்காது. அதுவும் அவளுக்கு நத்தம்னா என்ன? அப்பத்தா ஊர், ஆட்டுக்குட்டி, பெரியப்பா வீட்டு மாமரம். பந்து யாருக்கு வேணும்?

பத்து நாள் இருக்கும். எனக்கு அம்மாதான் போன்ல சொன்னாங்க. "சொல்லிட்டா. வண்டி திரும்பும்போதே சொல்லிட்டா. 'அப்பத்தா, நத்தம் வண்டி வந்துருச்சு'ன்னு." இது வடிவத்தைப் பார்த்து அடையாளம் கண்டதுதான், படிச்சதுன்னு சொல்ல முடியாது. அடுத்த வாரம்தான் நிஜமான விஷயம். வத்தலக்குண்டு பஸ் வந்து நின்னுச்சாம். ரொம்ப நேரம் போர்டையே பார்த்துட்டு, "நத்தத்துல இருக்கிற 'த்த' இதுலயும் இருக்கு"ன்னாளாம். வார்த்தைக்குள்ள எழுத்து இருக்குங்கிறதை, ஒரு வார்த்தையில இருக்கிற எழுத்து இன்னொண்ணுலயும் அதே சத்தத்தோட வரும்ங்கிறதை, தானாவே கண்டுபிடிச்சுட்டா. படிப்புன்னா அதுதானே? நான் ஒரு மாசம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியும் வராதது.

அதுக்கப்புறம் ஊருங்க ஒவ்வொண்ணா வந்துச்சு. பழனி. கரூர். செம்பட்டி. ஒட்டன்சத்திரத்துக்கு மட்டும் "ஒட்டக ஊர்"னு பேரு வெச்சுட்டா, சார்ட்ல இருந்து உருப்படியா வந்த ஒரே விஷயம் அது :-) டிஜிட்டல் போர்டுல எழுத்து ஓடிக்கிட்டே இருக்கிறதால அவளுக்குப் பிடிக்காது. தகர போர்டுல பெயின்ட்ல எழுதின வண்டிதான் நல்ல வண்டி.

*

இந்த ஒரு மாசம் சும்மா இருந்ததுல எனக்குக் கிடைச்ச லாபம், தமிழ் எழுத்தை ஒரு குழந்தை எப்படிப் பார்க்கும்னு யோசிக்க நேரம் கிடைச்சது. நமக்கெல்லாம் இது மறந்தே போச்சு.

முதல்ல அந்த 247. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. இதைச் சொல்லியே பயமுறுத்திடுறோம். நிஜத்துல குழந்தை கத்துக்க வேண்டியது முப்பத்தி ஒண்ணு எழுத்தும், ஒரு பத்துப் பன்னிரண்டு குறியும்தான். துணைக்கால் போட்டா எல்லா எழுத்தும் நீளும், புள்ளி வெச்சா எல்லாம் அடங்கும். உகரமும் ஊகாரமும்தான் சொன்ன பேச்சு கேக்காது. கு, சு, டு, து, மு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வால். அதை மட்டும் தனியாப் பார்த்துக்கணும்.

அடுத்தது கொம்பு. 'செ'ன்னு எழுதும்போது கொம்பு முன்னாடி நிக்குது, ஆனா சத்தம் பின்னாடி வருது. 'கொ'வுல ரெண்டு பக்கமும் நிக்குது. இடமிருந்து வலமாப் போகணும்னு சொல்லிக்கொடுத்துட்டு, இங்க மட்டும் தாண்டிப் போய்த் திரும்பி வான்னு சொல்றோம். செம்பட்டி போர்டைப் பார்த்து பாப்பா "முன்னாடி நிக்கிற இது யாரு?"ன்னு கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி.

அப்புறம் 'க'. கல்லுல ஒரு சத்தம், தங்கத்துல ஒரு சத்தம், பகல்ல ஒரு சத்தம். 'ச'வும் அப்படித்தான், சட்டை, பச்சை, பஞ்சு. எழுத்து ஒண்ணு. தமிழ் பேசுற புள்ளைக்கு இதைத் தனியாச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, வார்த்தை தெரிஞ்சிருந்தா வாய் தானா சரியாச் சொல்லிடும். தெரியாத வார்த்தையைக் கொடுத்தோம்னா மாட்டிக்கும். அதனாலதான் முதல் வார்த்தை எல்லாம் புள்ளைக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வார்த்தையா இருக்கணும்ங்குறேன்.

எல்லாத்தையும் விடப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. நாம பேசுறது ஒண்ணு, புத்தகத்துல இருக்கிறது ஒண்ணு. வீட்டுல "குருவி உக்காந்துருக்கு"ங்குறோம். புத்தகத்துல "குருவி உட்கார்ந்திருக்கிறது". அஞ்சு வயசுப் புள்ள எழுத்தை மட்டும் கத்துக்கலை, கூடவே இன்னொரு பாஷையையும் கத்துக்குது. இதை யாரும் கணக்குலயே எடுத்துக்குறது இல்லை. இந்தப் பள்ளத்துக்குப் பாலம் ஒண்ணே ஒண்ணுதான். படிக்கத் தெரியுறதுக்கு முன்னாடியே புத்தகத் தமிழ் காதுல விழுந்திருக்கணும். அதாவது நாம வாசிச்சுக் காட்டணும்.

அம்மா விதிச்ச ஒரு மாசத் தடை முடிஞ்சதும் நான் அதை மட்டும் செஞ்சேன். ராத்திரி எட்டு மணி வகுப்பு ரத்து. படுத்துக்கிட்டு ஒரு கதை வாசிக்கிறது. கேள்வி கிடையாது, விரல் வைக்கிறது கிடையாது, "இது என்ன எழுத்து" கிடையாது. முதல் ரெண்டு நாள் சந்தேகமாப் பார்த்தா. எப்ப கேள்வி வரும்னு காத்திருந்தா போல. வரலைன்னதும் மூணாம் நாள் தலையை என் தோள்ல வெச்சா.

*

ஒரு ஞாயித்துக்கிழமை. அம்மாவுக்கு முழங்கால் வலி. "நீ கூட்டிட்டுப் போ"ன்னுட்டாங்க. பாப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல. எனக்குள்ள பரீட்சைக்கு வந்த மாதிரி படபடப்பு. அவளும் எதுவும் பேசலை. அப்பத்தாகிட்ட வாய் ஓயாம ஊர் பேரா அடுக்குறவ, எங்கிட்ட கப்சிப். நானும் கேக்கலை. வேர்க்கடலை உரிச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தேன்.

வேடசந்தூர் வண்டி வந்து நின்னுச்சு. நான் தினமும் ஏறுற வண்டி.

அவ போர்டைப் பார்த்தா. உதடு அசையுது. வே... ட... ச... அப்புறம் நின்னுட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, என்னைப் பார்க்காம, கடலைத் தோலைப் பார்த்துக்கிட்டே, மெதுவாச் சொன்னா:

"பந்துல வர்ற 'ந்'."

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. புள்ள எதையும் மறக்கலை. அந்த எழுத்தையும் மறக்கலை, அந்த ராத்திரியையும் மறக்கலை.

"அன்னைக்கு அப்பா அடிச்சது தப்புடா"ன்னேன்.

"அடிச்சது வலிக்கலப்பா. கத்துனதுதான்."

அவ்வளவுதான். அப்புறம் "ஐஸ் வாங்கித் தா"ன்னுட்டா. வாங்கிக் கொடுத்தேன். பேச்சு வார்த்தை சுமுகமா முடிஞ்சுதுன்னு நெனைச்சுடாதீங்க. இன்னைக்கும் படிக்கும்போது ஒரு எழுத்துல இடறினா, முதல்ல அவ பார்க்கிறது என் கையை. ஒரு நொடிதான். ஆனா பார்க்கிறா. ஒரு அடிக்கு எத்தனை மாசம்னு எனக்குத் தெரியலை.

*

இப்ப அவளுக்கு ஆறு வயசு. சின்னச் சின்னக் கதைகளைத் தானே படிக்கிறா. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கூத்து. எங்கப்பா வெச்சிருந்த பழைய புத்தகம் ஒண்ணை எடுத்துட்டு வந்தா. அதுல 'லை' யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு நிக்குது. "அப்பத்தா, இது என்ன?" அம்மாவுக்கும் தெரியலை. அவங்க படிச்சது 90-கள்ல, புது எழுத்து. 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்து, ணை, லை, ளை, னை, ணா, றா, னா வகையறா 13 எழுத்தை மாத்தினாங்க. பெரியார் 1935-லயே குடி அரசு பத்திரிகையில கையாள ஆரம்பிச்ச மாத்தம் அது. அதைச் சொன்னதும் பாப்பா கேட்டா, "அப்போ தாத்தாவுக்கு நம்ம 'லை' தெரியாதா?" தெரியும்டா, நடுவுல மாத்திக்கிட்டாருன்னேன். பெரியவங்களும் புதுசா எழுத்து கத்துக்கணும்ங்கிறது அவளுக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

நிறைய பேர் வீட்டுல சின்னதுங்க இருக்கிறதால, எங்களுக்குப் பலிச்சதை மட்டும் எழுதி வெக்கிறேன். நான் வாத்தியார் இல்லை, கணக்குப்பிள்ளை. பிடிச்சதை எடுத்துக்குங்க.

1. சார்ட்டைக் கழட்டுங்கன்னு சொல்லலை. அதைப் பரீட்சையா ஆக்காதீங்க. ராகம் ராகமாவே இருக்கட்டும்.

2. முதல் வார்த்தைங்க புள்ளையோட வாழ்க்கையில இருந்து வரட்டும். உங்க ஊர் பஸ் போர்டு, அவ பேரு, பிடிச்ச தின்பண்டம். எங்க வீட்டுல நாலாவதா வந்த வார்த்தை 'பிரியாணி'. ஊர் அப்படி!

3. பத்து ரூபா நோட்டை எடுத்துக்குங்க. பின்பக்கம் மொழிகள் வரிசையா இருக்கும், கீழ இருந்து மூணாவது தமிழ். அதைக் கண்டுபிடிச்சுப் படிச்சா நோட்டு அவளுக்கே. எங்க பாப்பா இதுல எங்களை ஓட்டாண்டி ஆக்கிட்டா.

4. படத்தைப் பார்த்து ஊகிச்சா திட்டாதீங்க. அர்த்தம் தேடுறா. படம் இல்லாத இடத்துல எழுத்தைப் பார்க்க வெச்சாப் போதும். பஸ் போர்டுல படம் கிடையாது, அதான் அது வேலை செஞ்சது.

5. தினமும் வாசிச்சுக் காட்டுங்க. புத்தகம் வாங்கக் காசு இல்லைன்னா கவலை வேணாம். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல 2015-ல இருந்து குழந்தைக் கதைங்க இலவசமா இருக்கு, தமிழ்லயும். ஊர்ல மாவட்ட மைய நூலகம் இருக்கு, வருஷா வருஷம் புத்தகத் திருவிழா போடுறாங்க.

6. அவசரப்படாதீங்க. ஃபின்லாந்துல ஒண்ணாம் வகுப்பே 7 வயசுலதான். நம்ம அரசாங்கமே 2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் ஆரம்பிச்சப்போ இலக்கு வெச்சது 8 வயசு. நான் அஞ்சே கால் வயசுப் புள்ளையை அடிச்சிருக்கேன்.

7. பசியோட, களைப்போட சொல்லிக்கொடுக்க உக்காராதீங்க. இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாக் கூட போதும்.

நேத்து ராத்திரி அவ அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தா. நான் வாசப்படியில, உள்ள போகாம நின்னேன். போனா நிறுத்திடுவா, இன்னும் அப்படித்தான். புத்தகத்துல "மரத்தில் ஒரு குருவி இருக்கிறது". அவ படிச்சது, "மரத்துல ஒரு குருவி இருக்கு".

"இருக்கிறது"ன்னு திருத்த வாய் வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் யோசிச்சேன். எழுத்தைப் பார்த்து, புரிஞ்சுக்கிட்டு, தன் பாஷையில அப்பத்தாவுக்குச் சொல்லியிருக்கா. இதுல திருத்த என்ன இருக்கு? வாயை மூடிக்கிட்டேன்.

உள்ள அம்மா குரல்: "எங்கத்தா, எந்த மரத்துல?"

பக்கத்தைத் திருப்புற சத்தம் கேட்டுச்சு.

உங்க வீட்டு வாண்டுங்க முதல்ல படிச்ச வார்த்தை என்னன்னு சொல்லிட்டுப் போங்க மக்கா. நான் ஒரு பட்டியல் சேர்க்கலாம்னு இருக்கேன்.